ஹிஸ்மா பாலையில் கூரைக் கூடாரம்: குளிரும் ஈரமும் கரியடுப்பும்



சவூதி அரேபியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆர்வத்தைக் காண்கிறோம். குளிர்காலப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், விடுதி எதையும் பதிவு செய்யாமல், வாகனத்தின் கூரைமேல் மடித்துப் பொருத்திய கூடாரத்துடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். இந்நாட்டு மக்கள் ‘கஷ்தா’ என்றழைக்கும் பாலைவன உலா பழைய வழக்கம்தான். தரையில் விரிக்கும் கூடாரத்துக்குப் பதிலாக, ஏணி வைத்து ஏறிப் படுக்கும் கூரைக் கூடாரம் வந்திருப்பதே புதிது. ரியாத்தில் கணவனும் மனைவியுமாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை மதரஸா நடத்திவரும் எங்களிடம் பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். பிள்ளைகள் அந்தக் குளிரைத் தாங்குவார்களா என்பது ஒன்று. உளூவும் சுப்ஹும் எப்படி என்பது மற்றொன்று. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை இதுவரை எவரும் கேட்டதில்லை. உயிருக்கு ஆபத்து இருப்பதோ அதில்தான்.

சென்ற குளிர்காலத்தில் இரு குடும்பங்களாகத் தபூக் சென்றோம். ரியாத்திலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. தபூக்குக்கு மேற்கே ஹிஸ்மா என்னும் செம்மணற் பாலை விரிகிறது. காற்று அரித்த மணற்பாறைக் குன்றுகள் கோட்டைச் சுவர்களைப் போல் ஆங்காங்கே நிற்கின்றன. அதற்கும் அப்பால் ஜபல் அல்லவ்ஸ், அதாவது பாதாம் மலை, 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சில ஆண்டுகளில் அதன்மீது பனி பெய்யும். அதைக் காண நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் திரள்வர். நாங்கள் சென்றபோது பனி இல்லை. முதல் நாள் மாலையில் மழையும், இரண்டாம் இரவில் மேகமே இல்லாத வானமும் கிடைத்தன. மேகம் போர்த்தாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. ஆகவே மழை பெய்த இரவைவிடத் தெளிந்த இரவே கடுங்குளிராக இருந்தது. சுப்ஹு நேரத்தில் எங்கள் வெப்பமானி 1 டிகிரி காட்டியது.

கூரைக் கூடாரம் தரையைத் தொடாமல் இருப்பதால் குளிர் குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். தேளும் பாம்பும் அண்டாது என்பது மெய். மழைநீர் அடியில் புகாது என்பதும் மெய். குளிரைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தரை பகலில் வாங்கிய வெயிலை இரவில் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். வாகனத்தின் கூரைமேல் இருக்கும் பலகைக்கோ அந்தத் துணை இல்லை. அதன் அடியிலும் காற்று வீசுகிறது. நாம் படுக்கும்போது போர்வையின் அடிப்பகுதி உடல் பாரத்தால் நசுங்கி, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் காற்று அதிலிருந்து வெளியேறிவிடுகிறது. எனவே மேலே மூன்று போர்வை போர்த்தியும் முதுகு சில்லிடும். இதற்கு மருந்து மேலே இல்லை, கீழேதான். கூடாரத்துடன் வரும் ஃபோம் மெத்தையின்மேல், யோகாவுக்கு விரிப்பார்களே, அதைப் போன்ற நசுங்காத ஃபோம் விரிப்பு ஒன்றை இட்டோம். அதன்மேல் கம்பளி. காற்றடித்து நிரப்பும் சாதாரணத் தலையணை மெத்தைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அவற்றினுள் இருக்கும் காற்றே குளிர்ந்து முதுகைத் தாக்கும். தபூக் சந்தையில், ஆட்டுத்தோலைப் போன்ற உள்தையல் கொண்ட ‘ஃபர்வா’ என்னும் நீண்ட மேலங்கியைக் குளிர்காலத்தில் குவித்து வைத்து விற்கிறார்கள். பகலில் அணிந்துகொள்ளவும் இரவில் பிள்ளைகளின் அடியில் விரிக்கவும் அதைவிட உகந்த பொருளை நாங்கள் காணவில்லை.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூடாரம் உயரத்தில் இருந்தாலும் வாகனம் பள்ளத்தில் நின்றால் பயனில்லை. வாதி என்னும் காட்டாற்றுத் தடம் மணல் மெத்தையாய், காற்றுக்கு ஒதுக்குப்புறமாய், பார்ப்பதற்கு மிக வசதியாகத் தோன்றும். எங்கோ தொலைவில் பெய்த மழை, நம் தலைமேல் ஒரு துளியும் விழாத நேரத்தில், அத்தடத்தில் வெள்ளமாய் வந்து வாகனங்களைப் புரட்டிச் செல்லும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்நாட்டுக் குடிமைப் பாதுகாப்புத் துறையினர் வாதிகளை விட்டு விலகியிருக்குமாறு எச்சரிக்கின்றனர். மேட்டில், பாறையின் காற்றொதுக்கில், வாகனத்தின் முகம் காற்றை நோக்கியிருக்க நிறுத்தினோம். மேல்விரிப்பைக் கயிறிட்டு இறுக்கமாக இழுத்துக் கட்டினோம். அது தொய்ந்து உட்கூடாரத்தைத் தொட்டால், தொட்ட இடத்தில் ஈரம் கசியும்.

ஆயினும் எங்களை நனைத்தது மழையன்று. எங்கள் மூச்சு.

உறங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளியிடும் ஈரம் கால் லிட்டருக்குக் குறையாது. மூவர் படுக்கும் சிறு கூடாரத்தில் அது எங்கே போகும்? குளிர்ந்த துணியில் படிந்து முத்து முத்தாய்த் திரண்டு நம்மேல் சொட்டும். முதல் இரவு கழிந்த காலையில் மேல்துணியைத் தொட்டுப் பார்த்த எங்கள் மகன், கூடாரம் ஒழுகிவிட்டது என்றே முடிவு கட்டினான். ஒழுகவில்லை. குளிருக்கு அஞ்சி எல்லாச் சாளரங்களையும் மூடும் வீட்டில்தான் ஈரம் மிகுதி. எதிரெதிரான இரண்டு சாளரங்களின் மேற்பகுதியை நான்கு விரல் அளவுக்கேனும் திறந்து வையுங்கள். சற்றுக் குளிர்ந்த காற்று வரும், வரட்டும். உலர்ந்த குளிரைப் போர்வை தாங்கிக்கொள்ளும். நனைந்த போர்வையோ எதையும் தாங்காது. மெத்தைக்கு அடியிலும் இதே கதைதான்: உடலின் வெதுவெதுப்பு இறங்கிக் குளிர்ந்த பலகையைத் தொடும் இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அங்கே காற்றோட இடம் தரும் வலைப்பின்னல் விரிப்பு ஒன்று வேண்டும். அதற்கென்றே விற்கின்றனர்.

இவ்விடத்தில் பதவிகளின் ஆட்டுமயிர்க் கூடாரத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. அதன் நெசவு நெருக்கமற்றது; வெயிலில் காற்று தாராளமாகப் புகுந்து செல்லும். மழை பெய்தால் மயிரிழைகள் ஊறிப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் பிறந்த நம் கூடாரத்துக்கு அந்த அறிவு இல்லை. சாளரத்தை நாம்தான் திறக்க வேண்டும்.

உடையிலும் உலர்வே முதன்மை. பகலெல்லாம் குன்றேறி வியர்த்த பருத்திப் பனியனுடன் பிள்ளைகளைப் போர்வைக்குள் நுழைய விடாதீர்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிர்விக்கும். கம்பளி நனைந்தும் ஓரளவு சூடு தரும். படுக்கைக்கென்றே ஒரு சோடி உலர்ந்த தெர்மல் உடையையும் கம்பளிக் காலுறையையும் தனிப் பையில் கட்டி வைத்து, உறங்கும் நேரத்துக்கு முன் எவரும் தொடாதவாறு பார்த்துக்கொண்டோம். ஸ்லீப்பிங் பேக் வாங்குவோர் அதன்மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, எப்படியோ தாக்குப்பிடிக்கும் வெப்பநிலை மற்றொன்று என இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். தலையை உள்ளே இழுத்து மூடிக்கொண்டால் மூச்சின் ஈரம் முழுதும் பைக்குள் இறங்கும். தலைக்குக் குல்லாவும் காதுக்குத் துணியும் போதும். படுக்குமுன் பேரீச்சம்பழமும் நெய் ஊற்றிய கஞ்சியும் கொடுத்தோம். வயிற்றில் எரிய ஏதாவது இருந்தால்தான் உடல் சூடு பிடிக்கும்.

இனி அந்த மூன்றாவது கேள்வி.

இரண்டாம் நாள் மாலை எங்கள் இளைய மகள், ஆறு வயதுக்காரி, பாறைக்குழியில் தேங்கியிருந்த மழைநீரில் இறங்கி முழங்கால் வரை நனைந்துவிட்டாள். மஃரிபுக்குப் பின் உதடு நடுங்கத் தொடங்கியது. வெளியே கரியடுப்பு செந்தணலாய்க் கனன்றுகொண்டிருந்தது. உடன் வந்த மூத்த மச்சான் அன்பின் மிகுதியால் சொன்னார்: “பத்தே நிமிடம் அடுப்பை மேலே வைப்போம். கூடாரம் சூடானதும் எடுத்துவிடலாம். சாளரம்தான் பாதி திறந்திருக்கிறதே.” லாத்தாவும் ஆமோதித்தார். பிள்ளை பெற்ற அறையில் கரிச்சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம், இதில் என்ன வந்துவிடும் என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை, வீடுதான் வேறு. நம் ஊர் ஓட்டு வீட்டில் கூரையெங்கும் இடுக்குகள். கதவின் அடியில் கை நுழையும். கூரைக் கூடாரமோ நீர் புகாதவாறு பூச்சிட்ட துணி. உட்கார்ந்தால் தலை இடிக்கும் உயரம். இரண்டு பெட்டிகளின் கொள்ளளவு. கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, இருமல் வராது. புகை அடங்கிய செந்தணலே பாதுகாப்பானது என்று நாம் நம்புகிறோம். அந்தத் தணலிலிருந்தும் அது வந்துகொண்டுதான் இருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, சோர்வு, குமட்டல். உறங்குபவர்க்கு அதுவும் தெரியாது. உறக்கம் ஆழ்ந்துகொண்டே போய்விடும். சிறு பிள்ளைகள் விரைந்து மூச்சு வாங்குவதால் அவர்களே முதலில் பாதிக்கப்படுவர். கேஸ் அடுப்பும் கேஸ் விளக்கும் இதில் அடங்கும். வாகனத்தின் என்ஜினை ஓடவிட்டு மேலே உறங்குவதும் அவ்வாறே. புகைக்குழாய் நேரே நம் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப்போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்தில் அவர்கள் அறிவுறுத்தியதை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மதரஸாவில் இதை ஒழுக்கப் பாடத்தில் ஒரு வரியாக நடத்திக் கடந்துவிடுகிறோம். அன்று இரவு அந்த வரி எங்களுக்கும் மச்சானுக்கும் இடையே நின்றது. வயதில் மூத்தவர்; எங்கள் திருமணத்தை முன்னின்று நடத்தியவர். “மச்சான், மனம் வருந்தாதீர்கள், அடுப்பு கூடாரத்துக்குள் வராது” என்று மட்டும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. உணவின்போதும் பேசவில்லை.

மகளின் ஈர உடைகளை முற்றிலும் களைந்து, தலைமுடி வரை துடைத்து, உலர்ந்த உடையையும் இரட்டைக் காலுறையையும் அணிவித்தோம். ஒரு லிட்டர் எஃகு நீர்க்குப்பியில், கொதிக்காத ஆனால் நல்ல சூடான நீரை நிரப்பி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்து, கம்பளிக் காலுறைக்குள் இட்டு அவள் கால்மாட்டில் வைத்தோம். (ஃபிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாமல் காப்பதற்கே செய்யப்பட்டது.) இனிப்பான பால் இரண்டு மிடறு. பிறகு உம்மாவின் அணைப்பு. உம்மாவுக்கு அறுபத்தேழு வயது. ஏணி ஏறச் சொல்லவில்லை. வாகனத்தின் பின்னிருக்கைகளை மடித்துக் கீழேயே படுக்கை அமைத்திருந்தோம். அவர் பேத்தியைத் தம்முடன் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்குள் பிள்ளையின் பாதங்கள் வெதுவெதுப்பாகிவிட்டன.

வெளியே, தரையில் வைத்து, எரிபொருளை எரித்து, குழாய் வழியே சூடான காற்றை மட்டும் கூடாரத்துக்குள் அனுப்பும் டீசல் ஹீட்டர்கள் இருக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடங்களில் தங்குவோர் அதைப் பயன்படுத்தட்டும். அதன் புகை காற்று வீசிச் செல்லும் திசையில் போகுமாறு வைக்க வேண்டும். அப்போதும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் தொங்க வேண்டும். எங்களிடம் ஹீட்டர் இல்லை. கருவி மட்டும் தொங்கியது.

உளூவுக்கு வருவோம். மேலே சொன்ன எஃகுக் குப்பிதான் விடையும்கூட. இரவெல்லாம் கால்மாட்டில் கிடந்த நீர் விடியலில் மிதமான சூட்டுடன் இருக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. பெரும்பாலான கணிப்புகளின்படி அது முக்கால் லிட்டரைத் தாண்டாது. ஒருவருக்கு ஒரு குப்பி தாராளம். முந்தைய இரவே முழுமையாக உளூச் செய்து தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு அதன்மேல் மஸ்ஹு செய்யும் அனுமதி உண்டு. நாம் கடையில் வாங்கும் தடித்த காலுறைக்கு அது பொருந்துமா என்பதில் மத்ஹபுகளின் நிபந்தனைகள் வேறுபடுவதால், புறப்படுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கூடாரத்துக்குள் நிமிர்ந்து நிற்க இயலாது என்பதால் அங்கே உட்கார்ந்து ஃபர்ளைத் தொழுதுவிடலாம் என எண்ணிவிட வேண்டாம். நிற்க வலிமையுள்ளவர் இறங்கி வாகனத்தின் மறைவில் நின்று தொழ வேண்டும். இறங்கும்போது கவனம். ஏணிப்படியில் உறைபனி படிந்திருக்கும்.

உம்மா அன்று சுப்ஹுக்கு வெந்நீரை மறுத்தார். குளிர்ந்த நீரில் உறுப்புகளை நிறைவாகக் கழுவுவதற்குக் கூலி அதிகம் என்று சிறுவயதில் கேட்ட பயான் அவர் நெஞ்சில் பதிந்திருக்கிறது. சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பு உண்மைதான். ஆனால் சிரமத்தைத் தேடிப்போய் வரவழைத்துக்கொள்ளச் சொல்லப்படவில்லை. அவருக்கு மூட்டுவாதம் உண்டு. அப்போதுதான் அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்களின் செய்தியை அவருக்குச் சொன்னோம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, இதே வடக்குத் திசையில், வாதில் குராவுக்கு அப்பால், கடுங்குளிர் இரவொன்றில் அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிர் போய்விடும் என அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருப்பதை நினைத்தே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் இச்செய்தி உள்ளது.

இதை வைத்து, குளிராக இருக்கிறதே என்று எவரும் தயம்மும் செய்துவிட முடியாது. நீரைச் சூடாக்க வழியிருக்கும்போது அந்தச் சலுகைக்கு இடமில்லை. வழியின்றிச் செய்தவர் பின்னர்த் திரும்பத் தொழ வேண்டுமா என்பதிலும் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எங்களிடம் அடுப்பும் இருந்தது, குப்பியும் இருந்தது. நாங்கள் உம்மாவுக்குச் சொல்ல நினைத்தது அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டுமே. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குப்பியை வாங்கிக்கொண்டார்.

குளிரும் மழையும் மிகுந்த பயண இரவுகளில், அவரவர் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்குடன் சேர்த்து அறிவிக்கச் செய்யும் நபிவழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு அருகிலுள்ள ளஜ்னானில் நடைமுறைப்படுத்தியதும் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. முதல் நாள் மழையில் எங்கள் பயணத்தோழர் ஒருவர் ஜமாஅத் தவறிவிட்டதே என்று வருந்தியபோது, மகன் இதை அவருக்கு எடுத்துச் சொன்னான். மதரஸாவில் மனப்பாடம் செய்ததைவிட அன்று அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

திரும்பும்போது கூடாரத்தை ஈரத்தோடுதான் மடிக்க வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வீடு சேர்ந்த அன்றே பிரித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள்கள் மூடியே கிடந்தால் கரும்புள்ளிகளாகப் பூசணம் பிடித்துவிடும். பின்னர் அந்த வாடையைப் போக்குவது எளிதன்று. குடியிருப்பின் மொட்டை மாடியில் கயிறு கட்டி, மெத்தை உறை, கம்பளி, மேல்விரிப்பு என ஒவ்வொன்றையும் இரண்டு நாள் காயவைத்தோம். அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தார். தேநீர் அருந்தி முடித்தபின், அந்த எச்சரிக்கைக் கருவி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டார். இரண்டு வாங்க வேண்டுமாம்: ஒன்று கூடாரத்துக்கு, மற்றொன்று ஊரில் தம் மகள் வீட்டுக் குளியலறைக்கு. அங்கே சாளரமில்லாத அறையில் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறார்கள்.